தாமரைமடு ஏரியின் நாரைக் கணக்கு

இன்று காலை தாமரைமடு ஏரிக்கரையில் பார்க்கக் கிடைத்தவர் பாக்யலட்சுமி. வயது நாற்பத்து மூன்று. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறார். முழங்கால் வரை கம்பூட், தலையில் துண்டு, கழுத்தில் பைனாகுலர், இரண்டு கை நிறையச் சொட்டச் சொட்ட ஆகாயத்தாமரை. “கையக் குடுக்க முடியாது கண்ணு, நாறும்” என்று சிரித்துக்கொண்டே கரையேறினார்.

ஏரி நடுவில் ஒரு முள்ளுத் திட்டு இருக்கிறது. இந்த நிமிடம் அதில் நாரைக் குஞ்சுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருக்கின்றன என்றால் அதற்கு இவர்தான் காரணம். அந்தத் திட்டு ஒரே நாளில் இல்லாமல் போக இருந்ததே, அதற்கும் இவரேதான் காரணம். இரண்டையும் அவர் வாயாலேயே சொன்னார். இரண்டாவதைத்தான் முதலில் சொன்னார். கேட்ட சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

பாக்யலட்சுமி பிறந்தது அணைக்கட்டுப் பக்கம். அப்பா, அம்மா இருவரும் கூலிக்கு வேர்க்கடலை பிடுங்கியவர்கள். குடியாத்தத்தில் பவர்லூமில் லுங்கி நெய்யும் வேலுவைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்த மறு வருடமே கம்பெனி வேனில் ஏறியவர், இன்னும் அதே வேனில்தான் போகிறார். காலை ஏழே காலுக்கு அந்த வேன் தாமரைமடு கரை மேல் போகும்.

அவருடைய வேலை ஜோடி சேர்ப்பது. இடது காலுக்கு ஒரு தோல், வலது காலுக்கு ஒரு தோல் எனத் தனித்தனியாக வெட்டி வரும். இரண்டின் நிறமும் ஒட்ட வேண்டும். கொஞ்சம் மாறினாலும் வெளிநாட்டுக்காரன் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவான். குவியலில் கையை விட்டு இதற்கு இது, அதற்கு அது என்று எடுத்து வைத்துக்கொண்டே இருப்பார். ஒருமுறை புதிதாக வந்த சூப்பர்வைசர், “ரெண்டும் பிரவுனுதானேக்கா?” என்று கேட்டாராம். “இல்ல சார். இது காபி, இது டிகாஷன்” என்றாராம் இவர்.

அந்தக் கண்தான் அவரைப் பறவையிடம் கொண்டு போனது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், கரை மேல் வேன் பஞ்சர். எல்லோரும் இறங்கி நின்றார்கள். எதிரே திட்டில் பெரிய பெரிய வெள்ளை நாரைகள். மஞ்சள் மூக்கு, இறக்கையில் கறுப்புப் பட்டை, வால் பக்கம் மட்டும் ஒரு ரோஸ். பாக்யலட்சுமி அந்த ரோஸையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். தோல் தொழிற்சாலை டிரம்மில் எத்தனை தடவை முக்கி எடுத்தாலும் அந்த நிறம் வராது என்று அவருக்குத் தெரியும்.

கரையில் ஒருவர் முக்காலி போட்டு தொலைநோக்கி வைத்துக்கொண்டு நின்றார். பிரேம்நாத், குடியாத்தத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர், வருடா வருடம் இங்கே பறவைக் கணக்கு எடுப்பவர். அவரிடம் போய், “சார், அந்த ரோஸு யாருனா அடிச்சு வுட்டதா, இல்ல அதுவே அப்படியா?” என்று கேட்டார் பாக்யலட்சுமி. பிரேம்நாத் சிரிக்கவில்லை. நகர்ந்து நின்று தொலைநோக்கியைக் காட்டினார். குனிந்தவர் நிமிரவே இல்லை. டயர் மாற்றி முடித்து டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். பக்கத்து மேசைத் தோழி ஆரோக்கியமேரி வேன் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள்.

“ஏறுடி பாக்கியம்! நாரையா உனக்கு சம்பளம் குடுக்கப்போவுது?”

அடுத்த ஞாயிறு பாக்யலட்சுமி தானாக பஸ் ஏறிக் கரைக்கு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். அப்புறம் தன் லைனில் இருந்து நாலு பேரைக் கூட்டிவந்தார். திட்டிய ஆரோக்கியமேரியும் அதில் ஒருத்தி. தை பிறந்ததும் ஏரியில் தண்ணீர் வடிய ஆரம்பிக்கும். அப்போதுதான் இங்கே வேலை ஜாஸ்தி. ஆகாயத்தாமரையை வேரோடு இழுத்துக் கரைமேல் காயப்போட வேண்டும். ஓரத்திலேயே விட்டால் மறுபடி முளைத்துவிடும். சம்புப் புல்லை மொத்தமாக அறுக்கக் கூடாது, ஒரு பட்டை அறுத்தால் ஒரு பட்டை விட வேண்டும், உள்ளே தாழைக்கோழி ஒளிந்து வாழும். ஓரத்துச் சேற்றைத் திறந்துவிட்டால் எங்கேயோ வடக்கிலிருந்து வந்த குட்டிக் குட்டி உள்ளான் பறவைகள் திரும்பிப் போகிற தூரத்துக்கு வேண்டிய கொழுப்பை அங்கே தின்று ஏற்றிக்கொள்ளும். தண்ணீர் வடிந்த இடத்தில் எல்லாம் தோல் வெட்டுத் துண்டுகள் கிடக்கும், அதையும் பொறுக்க வேண்டும். அவ்வளவும் சம்பளமில்லாத வேலை. “வாரம் ஆறு நாளு உக்காந்தே இருக்கோம் இல்ல, இடுப்புக்கு நல்லது” என்கிறார் பாக்யலட்சுமி.

இந்த வருடம் ஏரியைத் தூர்வாரி, சீமைக்கருவேலத்தை அடியோடு பிடுங்க உத்தரவு வந்தது. கீழே பயிர் வைக்கிறவர்களுக்கு ரொம்ப நாளாக அந்த முள் மேல் கோபம். கோபத்தில் நியாயமும் இருக்கிறது. பாக்யலட்சுமி கூட்டமே ஓரத்து முள்ளைப் பிடுங்கச் சொல்லி மனு கொடுத்ததுதான். ஆனால் நாரைகள் கூடு கட்டுவது நடுத்திட்டில், அதே கருவேலத்தின் மேல். வேறு மரம் அங்கே கிடையாது.

வேலையை மேற்பார்க்க வந்த பொறியாளர் எழிலரசி கறார், ஆனால் காது கொடுத்துக் கேட்கிறவர். “நூறு நாரைக்கு மேல இருந்தா நடுத்திட்ட நான் தொட மாட்டேன். கம்மியா இருந்தா அது பக்கத்து ஏரிக்குப் போய்க்கும். எண்ணி எழுதிக் குடுங்க, எனக்கு மேல காட்டணும்” என்று பிரேம்நாத்திடம் சொல்லிவிட்டார்.

பொங்கல் கழிந்த ஞாயிறு பறவைக் கணக்கெடுப்பு. பிரேம்நாத் வாத்துகளுக்கும் நாமக்கோழிகளுக்கும் வேறு ஆட்களைப் போட்டார். நடுத்திட்டை முதல்முறையாக பாக்யலட்சுமியிடம் கொடுத்தார். அந்தக் கண் தப்பாது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஆறே காலுக்கு வெளிச்சம் வந்தது. கூட்டுக்கு இரண்டாக நின்றன நாரைகள். பாக்யலட்சுமி மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழ்க்கிளையிலிருந்து மேல்கிளைக்கு எண்ணினார். மறுபடி மேலிருந்து கீழே எண்ணினார். இரண்டு தடவையும் ஒரே எண். தாளில் அழுத்தி எழுதினார்: ஐம்பத்தேழு.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பிரேம்நாத் போன் செய்தார்.

“பாக்கியம்மா, மனசு வுட்றாதீங்க. மேடம் கணக்கப் பாத்துட்டாங்க. பத்தலயாம். சனிக்கிழமை காலையில ஜேசிபி வருது. நடுத்திட்டையும் சேத்து எடுக்கப்போறாங்க.”

“பத்தலயா? சார், திட்டு ரொம்பி வழியுதே!”

“எனக்கும் கண்ணுக்கு ஜாஸ்தியாத்தான் தெரிஞ்சுது. எழுதுனது நீங்க, அதான் நான் மறுபடி பாக்கல. போன வருஷத்துக்கு இந்த வருஷம் பாதிக்குப் பாதி கொறஞ்சுபோச்சேம்மா.”

டிபன் பாக்ஸைத் திறந்தவர் அப்படியே மூடினார். எதிரே உட்கார்ந்திருந்த ஆரோக்கியமேரி விடவில்லை.

“இன்னாடி? வேலுவுக்கு எதுனா?”

“அதெல்லாம் இல்ல மேரிக்கா. ஏரியில திட்ட எடுக்கப்போறாங்களாம். நூறு நாரை இருந்தாத்தான் வுடுவாங்களாம்.”

“நீ எவ்ளோ எழுதுன?”

“அம்பத்தேழு.”

ஆரோக்கியமேரி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். “அம்பத்தேழுன்னா நூத்திப் பதினாலு ஆச்சேடி. நூறுக்கு மேலதானே? அப்புறம் இன்னாத்துக்கு வெட்றாங்க?”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஷூ கம்பெனியில் ஒற்றை என்று எண்ணிக்கையே கிடையாது. போர்டில் ஆயிரத்து இருநூறு என்று எழுதினால் ஆயிரத்து இருநூறு ஜோடி. பெட்டியில் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு ஜோடி. ஜோடி என்கிற வார்த்தையை வாயால் சொல்வதுகூட இல்லை. இருபத்திரண்டு வருடமாக இரண்டைப் பார்த்து ஒன்று என்றே எண்ணிய கண், கூட்டுக்கு இரண்டாக நின்ற நாரையையும் அப்படியே எண்ணிவிட்டது. அங்கே இருந்த எண்ணூறு பேரில் யாரிடம் அந்தத் தாளைக் காட்டியிருந்தாலும் சரியாகப் படித்திருப்பார்கள். ஏரிக்கரையில் படித்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

“ஐயோ மேரிக்கா” என்று தலையில் கை வைத்தார் பாக்யலட்சுமி. “நானே என் கையால வெட்டக் குடுத்துட்டேனே.”

உடனே பிரேம்நாத்துக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார். பிரேம்நாத் பெருமூச்சு விட்டார்.

“அம்மா, நீங்க சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இப்பப் போயி, அது ஒத்த இல்ல, ரெட்டன்னு சொன்னா அவங்க இன்னா நெனைப்பாங்க? பத்தலன்னு சொன்னதும் ஏத்துறோம்னு நெனைப்பாங்க.”

“நெனைக்கட்டும் சார். சனிக்கிழமை அவங்க வர்றப்போ நான் கரையில இருக்கேன். அவங்க கண்ணாலயே எண்ணட்டும்.”

சனிக்கிழமை ஷிப்மென்ட் நாள். அன்று லீவு கேட்பது பெரிய பேஜார். ஆரோக்கியமேரி சூப்பர்வைசரிடம் போய், “ரெண்டு மேசையும் நான் பாத்துக்கறேன் சார், மத்தியானம் அவ வந்துருவா” என்று சொல்லிவிட்டாள். வெளியே வந்து பாக்யலட்சுமியிடம், “ஒரு பீஸு ஷேடு மாறிச்சுன்னா உன் நாரைதான்டி பதில் சொல்லணும்” என்றாள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கே ஜேசிபி கரையில் நின்றது. ஓட்டுநர் சர்தார் பாஷா டீ குடித்துக்கொண்டிருந்தார். பாக்யலட்சுமி நேராக அவரிடம் போனார்.

“பாய், ஒரு ஒதவி. அந்தத் தெக்கால ஓரத்துல இருக்கிற முள்ள மொதல்ல எடுங்களேன். அது எப்படியும் போவணும். நடுவுல மேடம் வந்ததும் போலாம்.”

“எந்தப் பக்கம் எடுத்தாலும் எனக்கு அதே டீசல்தாம்மா” என்றார் சர்தார் பாஷா. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வண்டியைத் தெற்கே திருப்பினார்.

எட்டரைக்கு எழிலரசி வந்தார். பாக்யலட்சுமி ஒளிக்கவில்லை. கம்பெனி, ஜோடி, தாள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். எழிலரசி நம்பினதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. பைனாகுலரை வாங்கிக்கொண்டு தானே எண்ணினார். பிரேம்நாத் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“அம்பத்தொம்போது” என்றார் எழிலரசி. பைனாகுலரை இறக்கினார். “நீங்க எழுதுனது சரிதான் போலிருக்கே?”

பாக்யலட்சுமி பைனாகுலரைத் திரும்ப வாங்கினார். திட்டைப் பார்த்தார். ஆறு நாளில் புதிதாக இரண்டு கூடு சேர்ந்திருந்தது, ஆனால் கூட்டுக்கு ஒன்றுதான் நின்றது. விடியலில் இரண்டாக இருந்தவை, வெயில் ஏறியதும் ஒன்று காவலுக்கு நிற்க, இன்னொன்று மேயப் போயிருந்தது. இது அவருக்குத் தெரியாததில்லை. ஏழு வருடமாகப் பார்க்கிற விஷயம். ஆனால் எட்டரை மணிக்கு வருகிறவருக்கு அதை எப்படிக் காட்டுவது?

“மேடம், இதெல்லாம் ஒத்தக் காலு மேடம்” என்று ஆரம்பித்தார். வாய் கம்பெனி பாஷையிலேயே ஓடியது. “இன்னொரு காலு மேயப் போயிருக்கு. வந்துரும்.”

“வந்துரும்னு நான் ஃபைல்ல எழுத முடியாதும்மா.”

அப்போது அவருக்கு ஒன்று தோன்றியது.

“எங்க கம்பெனிக்கு வெளிநாட்டுலேர்ந்து செக் பண்ண வருவாங்க மேடம். பத்தாயிரம் ஷூவயும் பாக்க மாட்டாங்க. பத்துப் பெட்டி அவங்களே பொறுக்குவாங்க. நாங்க கை வெக்கக் கூடாது. அந்தப் பத்தும் சரியா இருந்தா எல்லாம் சரின்னு கையெழுத்துப் போடுவாங்க. நீங்களும் பத்துக் கூட்டப் பொறுக்குங்க. எதுன்னு நான் சொல்ல மாட்டேன். அதுல எத்தினிக்கு ஜோடி வருதுன்னு பாருங்க. ஒரு ரெண்டு மணி நேரம் குடுங்க மேடம், போதும்.”

எழிலரசி மணியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். சர்தார் பாஷா இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, “தெக்கால பக்கமே எனக்கு மத்தியானம் வரைக்கும் இருக்குது மேடம். நீங்க பாருங்க” என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று பாக்யலட்சுமிக்கு இன்னும் தெரியாது. தெற்கே மிச்சம் இருந்தது அரைமணி நேர வேலை. “அந்த மனுஷன் நல்லாருக்கணும்” என்று இன்று காலை மூன்று தடவை சொன்னார்.

எழிலரசி பேனாவை எடுத்தார். திட்டை ஒரு படமாகக் கிறுக்கி, மேலே மூன்று, கீழே நாலு, ஓரத்தில் மூன்று என்று பத்துக் கூட்டுக்கு எண் போட்டார். பிறகு கரை மேல் கல்லில் உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

கால்மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வடக்கே இருந்து ஒன்று, கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு, இறக்கை அடிக்காமல் மிதந்து வந்தது. எழிலரசி போட்ட நாலாம் எண் கூட்டில் இறங்கியது. காத்திருந்தது கழுத்தை வளைத்துக் குனிந்தது, வந்ததும் குனிந்தது, இரண்டும் மூக்கை மூக்கோடு தட்டிக்கொண்டன. அந்தச் சத்தம் கரை வரைக்கும் கேட்டது.

“இன்னா பண்ணுது?” என்று எழிலரசி கேட்டார். அதிகாரி குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

“வூட்டுக்காரர் லேட்டா வந்தா கேக்க மாட்டோமா மேடம்” என்றார் பாக்யலட்சுமி. எழிலரசி வாய்விட்டுச் சிரித்தார்.

அப்புறம் அடுத்தடுத்து வந்தன. ஏழாம் எண், ஒன்றாம் எண், ஒரே நேரத்தில் ஒன்பதும் இரண்டும். ஒன்று மூக்கில் குச்சியோடு வந்தது. ஒவ்வொன்றுக்கும் எழிலரசி ஒரு டிக் போட்டார். நாலைந்து தடவைக்குப் பிறகு டிக் போடுவதற்கு முன்னாலேயே “எட்டு, எட்டு, எட்டு வந்துடுச்சு!” என்று கத்த ஆரம்பித்தார். சர்தார் பாஷா கிரிக்கெட் பார்க்கிற மாதிரி முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். பத்தரைக்குள் ஒன்பது கூட்டுக்கு ஜோடி வந்துவிட்டது. ஆறாம் எண் மட்டும் ஒற்றையாக நின்றது.

எழிலரசி எழுந்தார். “பத்துக்கு ஒம்போது. அம்பத்தொம்போது கூடுன்னா எப்படிப் பாத்தாலும் நூறு தாண்டுது. போதும்மா.” படம் கிறுக்கிய அதே தாளில், நடுத்திட்டைத் தொடக் கூடாது, குஞ்சுகள் பறந்து போகிற ஆனி மாதம் வரைக்கும் அதைச் சுற்றி இயந்திரமும் போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு பிரேம்நாத்திடம் நீட்டினார். தன் போனில் அதைப் படமும் எடுத்துக்கொண்டார்.

“தப்பு என்னுதுதான் மேடம்” என்றார் பாக்யலட்சுமி.

“நீங்க வந்து சொல்லலன்னா அது என்னுதும் ஆயிருக்கும்” என்றார் எழிலரசி. ஜீப்பில் ஏறப் போனவர் திரும்பி வந்து, “அந்த ஆறாம் நம்பர் வந்தா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க” என்று நம்பர் கொடுத்தார்.

பதினொன்றே கால் வரைக்கும் அது வரவில்லை. பாக்யலட்சுமி கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டதாம். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா வீட்டில் ஏதோ கெட்டது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாராம். மேசையில் ஆரோக்கியமேரி இரண்டு பேர் வேலையையும் முடித்து வைத்திருந்தாள். ஒரு பீஸ்கூட ஷேடு மாறவில்லை. “அவளுக்கு நான் இன்னா செய்யப்போறேன்னே தெரியல” என்று சொல்லும்போது பாக்யலட்சுமிக்கு இப்போதும் குரல் உடைந்தது. ஆரோக்கியமேரி பக்கத்திலேயே சேற்றில் நின்றுகொண்டு, “ஆகாயத்தாமரைய இழு மொதல்ல, அப்பறம் அழுவலாம்” என்றாள்.

இது மாசி மாதம். திட்டில் கூட்டுக்கு இரண்டு, மூன்று என்று குஞ்சுகள். இன்னும் ரோஸ் வரவில்லை, பஞ்சு அழுக்கானது போல ஒரு நிறம். மத்தியான வெயிலில் தாய் நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடிப்பதைப் பார்க்கவே ஒரு தடவை வரலாம். எழிலரசி போன ஞாயிறு தன் அம்மாவோடு வந்து, ஆறாம் எண் கூட்டிலும் இரண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுப் போனாராம்.

திட்டு தப்பியது ஆனி வரைக்கும்தான். அதற்கப்புறம் மறுபடி பேச்சு வரும். அப்போது “நாங்களும் பாத்தோம்” என்று சொல்ல ஐந்து பேர் மட்டும் இல்லாமல் ஐந்நூறு பேர் இருந்தால் நல்லது. அதனால் இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு ஞாயிறு வாருங்கள். குடியாத்தத்திலிருந்து ஆம்பூர் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, தாமரைமடு கரை என்று கேட்டு இறங்குங்கள். விடியற்காலை ஆறு மணிக்கே வந்தால் ஜோடியாகப் பார்க்கலாம். கரையை விட்டு இறங்க வேண்டாம், டிரோன் பறக்கவிட வேண்டாம், சத்தமாகப் பாட்டுப் போட வேண்டாம். வர முடியாதவர்கள் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். ஷூ கம்பெனியில் வேலை செய்கிற உங்கள் அக்காவுக்கும் அத்தைக்கும் கட்டாயம் அனுப்புங்கள்.